உட்டுருங்க

செட்டிபாளையம் பக்கத்துத் தோட்டங்களில் ரசாக் பாயையும் மாசாணத்தையும் பேர் சொல்லி விசாரிப்பவர்கள் குறைவு. "ஆனையும் அங்குசமும் எப்பங்க வருது?" என்றுதான் கேட்பார்கள். போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டால் போத்தனூரிலிருந்து இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும்.

மாசாணம் ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். எந்த வீட்டு நிலைப்படியையும் குனிந்துதான் தாண்டுவார். அவருடைய மீசையைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ரசாக் அவர் நெஞ்சு உயரம்கூட வரமாட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர், பெண்பிள்ளைகளுக்கு இருப்பது போல மெல்லிய விரல்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் பெரியவரை முரடர் என்றும் சின்னவரைச் சாது என்றும் எடுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் கூட நின்றால் அந்த எண்ணம் மாறிவிடும். பைப்பைக் கீழே வைக்கும்போது அங்கே ஒரு தவளை இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுத்தான் மாசாணம் வைப்பார். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ரசாக் துணைக்கு வரவேண்டும். ரசாக்கோ, மோட்டார் எரிந்ததற்குத் தோட்டத்துக்காரரின் அஜாக்கிரதைதான் காரணம் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் சொல்வார், ஆனால் கேட்கிறவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது ரசாக் வேலை. மோட்டாரைக் குழியிலிருந்து மேலே எடுப்பது மாசாணம் வேலை. பழைய ஜீப்பின் பின்னால் கப்பியும் இரும்புக் கயிறும் லீவரும் வைத்து ஒரு வண்டி தயார் செய்து வைத்திருந்தார்கள். எண்ணூறு அடி ஆழத்திலிருந்து பைப் பைப்பாக இழுக்கவேண்டும். ஒரு பைப் மேலே வந்ததும் அடுத்த பைப்பின் கழுத்தில் கிளாம்ப் மாட்டி, போல்ட்டை முறுக்கி, அதன்மேல் மொத்தப் பாரத்தையும் மெல்ல இறக்கி உட்காரவைத்துவிட்டு, மேல் பைப்பைக் கழற்ற வேண்டும். கிளாம்ப் முறுக்குவது ரசாக். லீவரில் மாசாணம். "ஏத்துங்க" என்றால் ஏற்றுவார். "உட்டுருங்க" என்றால் இறக்குவார். பதினாறு வருடமாக இந்த இரண்டு சொல்லில்தான் வேலை நடந்தது.

இதில் ஊருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. மாசாணம் வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். மலையிலிருந்து இறங்கி, போர் போடும் ரிக் வண்டியில் பத்து வருடம் ஊர் ஊராகச் சுற்றினார். கம்ப்ரசருக்கு வலது காதைக் கொடுத்துக்கொண்டு நின்றதில் அந்தக் காது முழுசாகப் போய்விட்டது. இடது காதும் இப்போது அரைகுறைதான். இது ரசாக்குக்கும், அவர் மனைவி சாஜிதா பேகத்துக்கும், மாசாணத்தின் மனைவி மயிலாத்தாளுக்கும் மட்டும் தெரியும். காது கேட்காத ஆளை லீவரில் நிறுத்த எந்தத் தோட்டத்துக்காரர் சம்மதிப்பார்? அதனால் ரசாக் எங்கே போனாலும் மாசாணத்தின் இடதுபக்கம்தான் நிற்பார். யாராவது பேசினால் அதையே கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். "பாய்க்கு எதையும் ரெண்டு தடவை சொல்லாட்டி ஆகாது" என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

அந்தச் சித்திரை மாதம் பாலுசாமியின் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனது. முன்னூறு தென்னை, நாலு ஏக்கர் தக்காளி, பத்து மாடு. தொட்டியில் இரண்டு நாளைக்குத்தான் தண்ணீர் இருந்தது. காலை ஏழு மணிக்கே இரண்டு பேரும் போய்விட்டார்கள். குழியின் இடதுபக்கம் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி மலையாகக் குவித்திருந்தார்கள். அதை எடுக்க ஒரு மணி நேரமாகும், வெய்யில் ஏறிவிடும் என்று ரசாக் வலதுபக்கமே நின்றுகொண்டார். ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். அந்த நினைப்புக்காகப் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

இருபத்தெட்டாவது பைப் வந்தபோது மணி பதினொன்று. ரசாக் கிளாம்பை மாட்டி, போல்ட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். ஸ்பானர் போடவில்லை. பாலுசாமியின் மனைவி சாந்தாமணி மோர்ச் சொம்போடு வந்தவர், ரசாக் உட்காரட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் சேரைப் புழுதியில் இழுத்துக்கொண்டு வந்தார்.

"சித்தெ உக்கோருங்க பாய். வெய்யல்ல கருவாடாட்டக் காயறீங்க."

"சேரை அங்கயே உட்டுருங்க அம்மணி" என்றார் ரசாக். சொன்னதோடு நிற்காமல் கையையும் கீழ்நோக்கி அசைத்தார்.

மாசாணத்தின் இடது காதில் 'உட்டுருங்க' மட்டும் விழுந்தது. கையும் அதையே சொன்னது. அவர் இறக்கிவிட்டார்.

வேறு சீமையாக இருந்தால் கூட்டாளியிடம் 'விடுடா' என்றும், வீட்டுக்காரம்மாவிடம் 'விடுங்க' என்றும் சொல்லியிருப்பார்கள். இரண்டும் குழம்பியிருக்காது. இந்த இரண்டு பேருக்கும் பதினாறு வருடத்தில் 'டா' வாயில் வந்ததே இல்லை.

கிளாம்ப் வழுக்கியது, தளர்ந்த இரும்புக் கயிற்றின் கொக்கியும் கழன்றது. இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டு போன சத்தம் மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேட்டது. பைப்பும் மோட்டாரும் கேபிளும் குழிக்குள் போய்விட்டன. பாதுகாப்புக்குக் கட்டியிருந்த நைலான் கயிறு அறுந்து மேலே துள்ளி விழுந்தது. ரசாக்கின் இடது நடுவிரல் நுனியில் சதை கிழிந்து தொங்கியது. இன்னும் அரை அங்குலம் உள்ளே இருந்திருந்தால் மூன்று விரல் போயிருக்கும்.

பாலுசாமி ஓடிவந்தார். குழியைப் பார்த்தார். கோபம் வந்தால் இந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கு மரியாதை கூடிவிடும். அவருக்கும் கூடியது.

"ஏனுங், என்னாச்சுங்? ஆருங்க உட்டது?"

மாசாணத்தின் முகம் வெளுத்திருந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் ரசாக் முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க உடச் சொன்னேன். கிளாம்பு முறுக்கிப்போட்டேன்னு நெனச்சுட்டனுங்க."

"முறுக்கலீங்களா?"

"முறுக்கலீங்க."

"இத்தன வருசம் தொழில் பண்றீங்க. முறுக்குனமா இல்லியான்னு தெரியலீங்களா?"

"தப்புத்தானுங்க."

பாலுசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செரிங்க பாய். கையில ரத்தம் வருதுங்க. நீங்க போயிட்டு வாங்க. நாங்க வேற ஆளைப் பாத்துக்கறமுங்க."

ஜீப்பில் திரும்பி வரும்போது மாசாணம் ரசாக்கின் விரலில் சுற்றியிருந்த கர்ச்சீப் சிவப்பதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

விரலில் நாலு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சாஜிதா பேகம் கதையைக் கேட்டார். தட்டில் சோறும் கத்திரிக்காய் ஆணமும் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கிளாம்பு முறுக்க மறந்தேன்னு நீங்களே சொல்லிட்டு வந்தீங்களா?"

"பின்ன என்ன சொல்றது? அவருக்குக் காது கேக்காதுன்னு சொல்றதா?"

"உங்க பேரு போச்சுங்களே."

"பேருதானே? காயில் நல்லாக் கட்டுனா வந்துரும். அவருக்கு லீவரு போச்சுன்னா வேறென்ன தெரியும்? அவரு மூத்த புள்ள இப்பத்தான் நர்சிங் சேந்திருக்குது."

சாஜிதா பேகம் அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வெரலு போயிருந்தா எந்தக் கையால கட்டுவீங்க?"

ரசாக் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். ஆணம் நன்றாக இருக்கிறது என்றார்.

மறுநாள் மாசாணம் கடைக்கு வரவில்லை. ஷட்டருக்குப் பக்கத்து ஆணியில் ஜீப் சாவி மட்டும் தொங்கியது. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டார், எடுத்தாலும் அவருக்குப் போனில் ஒன்றும் விளங்காது. மயிலாத்தாள் எடுத்து, "அவரு வெளிய போயிருக்கறாருங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார். பாய் கிளாம்ப் முறுக்காமல் மோட்டாரை விட்டுவிட்டார் என்ற சேதி அதற்குள் கிணத்துக்கடவு வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. தோட்டத்திலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. இரண்டு சீலிங் ஃபேனும் ஒரு மிக்ஸியும் வந்தன. கட்டுப்போட்ட விரலை வைத்துக்கொண்டு ரசாக் அதற்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், எதிரே நீட்ட ஆள் இல்லை. மாசாணம் கொண்டுவரும் அரிசிம்பருப்புச் சோற்றில் பாதி இவருடையது, இவருடைய ஆணத்தில் பாதி அவருடையது. பாதி வயிற்றோடு மூடி வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை, எதிர்க்கடையில் டீ போடும் கோவிந்தராஜுலு கிளாஸோடு சேதியையும் கொண்டுவந்து வைத்தார்.

"பாய், உங்க ஆனை கச்சி மாறிப்போச்சாமே?"

"என்னங்க?"

"சோமனூர்ல உதய்னு ஒருத்தரு வண்டி வெச்சிருக்கறாரில்லீங்க, கொக்கி போட்டு மோட்டார் எடுக்கறவரு? பாலுசாமி அவரைத்தான் கூப்பிட்டிருக்கறாரு. லீவர்ல நிக்கறது ஆருங்கறீங்க? உங்க மாசாணம். நேத்திருந்து நிக்கறாராம். இத்தன நாளு ஒட்டுக்கா இருந்துபோட்டு, நீங்க தடுக்கி உழுந்ததும் அக்கட்டால தாண்டிக் குதிச்சுட்டாரு பாருங்க."

ரசாக்குக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாருக்காகப் பேரைக் கெடுத்துக்கொண்டேனோ, அந்த ஆள் அதே தோட்டத்தில் போய் இன்னொருத்தரோடு நிற்கிறார். டீயைக் குடிக்காமலே கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாஜிதா பேகத்திடம் சொல்லும்போதுதான் வேறொன்று உறைத்தது. பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

"அந்த உதய்க்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"காது. எந்தப் பக்கம் நிக்கோணும்னு அந்தத் தம்பிக்குத் தெரியாது. கிளாம்புல கைய வெச்சுட்டு வலதுபக்கம் நின்னு எதையாச்சும் பேசுச்சுன்னா..."

சாஜிதா பேகம் அடுப்பை அணைத்தார். "போய்ச் சொல்லுங்க."

"சொன்னா இந்த ஜில்லாவுல அவரை ஒருத்தரும் லீவர்ல நிறுத்தமாட்டாங்க."

"சொல்லாட்டி?"

"நான் என்னத்துக்கு இத்தன வருசம் மூடி வெச்சேன்? நானே போயி..."

"உங்க வெரலோட போச்சுன்னு நெனச்சேன். அந்தத் தம்பி கையப் பறிகொடுத்துட்டு நின்னா, அப்பவும் தக்காளி ஆணம் நல்லா இருக்குதும்பீங்களா?"

"அது கத்திரிக்காய்" என்றார் ரசாக். சொல்லிவிட்டு ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியெல்லாம் ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை. உதய்யை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொல்லலாம் என்று ஒரு யோசனை. மாசாணத்தையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று இன்னொன்று. செட்டிபாளையம் தாண்டும்போது வெய்யிலில் கண் கூசியது. தோட்டத்துக் கேட்டில் ஜீப்பை நிறுத்தியபோது தூரத்தில் உதய்யின் வண்டி தெரிந்தது, அதை ஒட்டி மாசாணத்தின் முதுகும் தெரிந்தது. உதய் குழியருகே குனிந்து கிளாம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரும்புக் கயிறு விறைப்பாக இருந்தது. கொக்கியில் பைப் மாட்டி மேலே வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்தது. பக்கத்தில் பாலுசாமி, சாந்தாமணி, தக்காளி பறிக்க வந்த நாலைந்து பெண்கள். எல்லோரும் நிற்கிறார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும்.

யோசனைகள் எல்லாம் போய்விட்டன. ரசாக் ஓடினார். வரப்பில் செருப்பு ஒன்று கழன்றது. ஓடிக்கொண்டே கத்தினார்.

"உதய்! கைய எடுங்க தம்பி! அவருக்குக் காது கேக்காதுங்க! காது கேக்காதுங்க அவருக்கு!"

பதினாறு வருடம் பூட்டி வைத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்தில் தென்னந்தோப்பு முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாசாணம் மட்டும் திரும்பவில்லை.

உதய் நிமிர்ந்தார். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டார். போட்டதும் மாசாணத்தின் லீவர் அப்படியே நின்றது.

"தெரியுமுங்களே பாய்" என்றார் உதய்.

"தெரியுமா?"

"வந்த அன்னிக்கே அவரு சொல்லித்தானுங்க சேந்தாரு. வலது காது சுத்தமா இல்ல, இடது காதை நம்பாதீங்க, கண்ணு நல்லா இருக்குது, கையில காட்டுங்கன்னாரு. அதுக்குத்தானுங்க இந்தத் துண்டு. மேல தூக்குனா ஏத்துவாரு, கீழ எறக்குனா எறக்குவாரு, தோள்ல போட்டா நிறுத்தீருவாரு. நான் பாத்ததுல இத்தன பதனமா லீவர் புடிச்ச ஆளு கெடையாதுங்க. காது கேக்கறவிய ஊருப் பேச்செல்லாம் கேட்டுட்டு நிப்பாங்க. இவரு துண்டை உட்டுக் கண்ண எடுக்கமாண்டேங்கறாரு."

ரசாக் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பாலுசாமி பக்கத்தில் வந்தார்.

"முந்தாநாளு ஊட்டுக்கு வந்தாருங்க பாய். வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வரமாண்டேன்னுட்டாரு. 'பாய் சொன்னது பொய்யுங்க. சேரை உடச் சொன்னாரு, நாந்தான் பைப்பை உட்டுப்போட்டேன். எங்காது போயி நாளாச்சு. எடுக்கறக்கு ஆரு வந்தாலும் கூலியில்லாம நின்னு எடுத்துக் குடுக்கறே'ன்னாரு. எங்கூட்டுல அம்மணி அழுதுபோட்டாங்க. சேரைக் கொண்டாந்தது அவங்கதானுங்களே."

சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ரசாக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தன்னால்தான் அந்த மனிதர் பிழைக்கிறார் என்று இத்தனை வருடமாக ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அது இப்போது கூசியது.

அப்போதுதான் மாசாணம், துண்டு ஏன் அசையவில்லை என்று எட்டிப் பார்த்தார். ஒற்றைச் செருப்போடு நிற்கும் ரசாக்கைப் பார்த்தார். லீவரைப் பூட்டிவிட்டு வந்தார். முதலில் அவருடைய இடது கையை எடுத்து, கட்டுப்போட்ட விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"தையல் பிரிச்சாச்சுங்களா பாய்?"

ரசாக் பழக்கத்தில் இடதுபக்கம் போய் நின்றுகொண்டார். "எங்கிட்டச் சொல்லாம வந்துபோட்டீங்களே?"

"சொன்னா உடமாண்டீங்க. இன்னொரு பொய்யச் சொல்லி என்னையக் கூட்டீட்டுப் போயிருவீங்க."

"நான் பொய் சொன்னது உங்களுக்கெப்படித் தெரிஞ்சுது? காதுல உழுகாதே?"

"பாலுசாமியண்ணன் உங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்க கோவப்பட்டாரு. என்ற பக்கம் திரும்பவே இல்ல. கண்ணு இருக்குதில்லீங்க?" மாசாணம் விரலை விடவில்லை. "வெரல்ல ரத்தத்தைப் பாத்தன் பாய். காயில் கட்டற வெரலு. என்னைய மறைச்சு வெக்கறக்கு நீங்க பக்கத்துலயே நிக்கோணும். நின்னீங்கன்னா ஒருநாளைக்கு நானே அதை வெட்டிப்போடுவேன். அதான் வந்துட்டேன்."

ரசாக் அழுதுவிடுவோமோ என்று பயந்து வேறு பக்கம் பார்த்தார்.

"ஓடியாந்து என்னமோ கத்துனீங்களாட்ட இருக்குது?" என்றார் மாசாணம். "எல்லாருந் திரும்பிப் பாத்தாங்க. என்னங்க சொன்னீங்க?"

எதைச் சொன்னாலும் நம்பக்கூடிய மனிதர். சோறு உண்டீங்களா என்று கேட்டேன் என்றால் போதும். ரசாக் அவருடைய இடது காதருகே எக்கி நின்றார்.

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு கத்துனனுங்க. தோட்டத்துக்கே கேக்கறாப்புல."

மாசாணத்தின் மீசைக்கு அடியில் சிரிப்பு வந்தது.

"அப்ப எனக்கு மட்டுந்தான் கேக்கலீங்களா?"

தக்காளி பறிக்கும் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பாலுசாமிக்கும் சிரிப்பு வந்தது. உதய் சிவப்புத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து ரசாக்கிடம் நீட்டினார்.

"நீங்களே காட்டுங்க பாய். கிளாம்பை நான் முறுக்கறேன். மோட்டாரு வந்துச்சுன்னா காயில் நீங்கதானுங்க கட்டோணும், பாலுசாமியண்ணன் அப்பவே சொல்லிப்போட்டாரு."

ரசாக் துண்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் மாசாணத்தின் இடதுபக்கமே போனார். மாசாணம் அவருடைய இரண்டு தோளையும் பிடித்து, சின்னப் பிள்ளையை நகர்த்துவது போல நகர்த்திக் குழிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எதுத்தாப்புல நில்லுங்க. தெரியோணும்."

பதினாறு வருடத்தில் ரசாக் அவரை வேலை செய்யும்போது எதிரிலிருந்து பார்த்ததே இல்லை. லீவரில் அந்தப் பெரிய கை, கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது போல இருந்தது. துண்டைத் தூக்கினார். கயிறு முனகியது. பைப் ஒரு ஆள் உயரம் மேலே வந்தது. துண்டைத் தோளில் போட்டார். நின்றது. உதய் கிளாம்பை மாட்டி ஸ்பானர் போட்டு முறுக்கினார். ரசாக் கண்ணால் சரிபார்த்தார்.

இந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் புழுதியில் எதுவோ இழுபடும் சத்தம் கேட்டது. சாந்தாமணி அதே பிளாஸ்டிக் சேரை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"பாய், சித்தெ உக்கோந்துக்கிட்டே காட்டுங்களே..."

ரசாக் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். உதய் கையை எடுத்துக்கொண்டார். பறிப்புக்காரப் பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். ரசாக் துண்டை மெல்லக் கீழே இறக்கினார். மாசாணம் இறக்கினார். பைப் கிளாம்பின்மேல் அசையாமல் உட்கார்ந்தது.

மாசாணம் லீவரைப் பூட்டினார். சேரையும் சாந்தாமணியையும் ரசாக்கின் மூடிய வாயையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினார்.

"இப்பச் சொல்லுங்க பாய்."

ரசாக் திரும்பிப் பார்க்காமல், மாசாணத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சேரை அங்கயே உட்டுருங்க அம்மணி."